வாய்ப்பூட்டு

வால்டிவியாவில் மழை விடாது என்பார்கள்.
பொய். குடை எடுத்துப் போன அன்று விடும்.

பல்கலைக்கழகத்தின் மூன்றாம் மாடி,
கதவில் பலகை: தகவல் பாதுகாப்பு ஆய்வு மையம்.
அந்தக் கதவுக்கே பூட்டு சரியில்லை,
காகிதம் மடித்துச் செருகியிருக்கிறோம்.
வருகிறவர்கள் சிரிக்கிறார்கள்.
சிரிக்கட்டும்.

எங்களுக்குச் சம்பளம் உடைப்பதற்கு.
பத்திரமானது என்று விற்பதையெல்லாம்
காசு கொடுத்து வாங்கி வந்து
விளக்கின் கீழே மல்லாத்தி வைத்து
திருடன் கேட்பதற்கு முன்னால்
திருடனின் கேள்வியைக் கேட்பதற்கு.

இந்தக் குளிர்காலத்தில் மில்லாராய் திறந்தது
ஓர் இன்சுலின் பம்பு.
தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது.
அதன் இரகசிய எண்ணை ஒன்பது வாரம் தேடினாள்.
கிடைத்தபோது முகம் வெளுத்துவிட்டது:
விற்ற பம்புகளுக்கெல்லாம் ஒரே எண்.
ஊருக்கே ஒரு சாவி.

அடுத்த அறைக்குப் போய்
மடிக்கணினியில் ஏதோ தட்டினாள்.
இங்கே மேசைமேல் கிடந்த பம்பு
யாரும் தொடாமல்
டிஷ்யூ தாளில் ஒரு சொட்டு விட்டது.
பிறகு இன்னொன்று.
பிறகு நிற்கவில்லை.
"போதும்" என்றார் ஃப்ரேசியா, எங்கள் இயக்குநர்.
கைதட்ட யாருக்கும் தோன்றவில்லை.

கம்பெனிக்கு எழுதினோம்.
சரிசெய்யத் தொண்ணூறு நாள்,
அதுவரை வாய் திறக்கமாட்டோம்.
பதினோராம் நாள் பதில் வந்தது,
நன்றி சொல்லி அல்ல, வக்கீல் வைத்து.
சட்டப்பிரிவின் லெயோந்தினா
சேற்று பூட்ஸோடு மாடியேறி வந்து
கடிதத்தை இரண்டு முறை படித்தார்.
"உங்களிடம் விற்க ஏதாவது இருக்கிறதா?"
இல்லை என்றோம்.
"அப்படியானால் பயப்படவும் ஒன்றுமில்லை"
என்று ஒரு பிஸ்கட்டை எடுத்துக்கொண்டார்.

பயம் வேறு இடத்திலிருந்து வந்தது.
ஆற்றங்கரைச் சந்தையில்
மெர்லூசா மீன் வாங்கப் போன மில்லாராய்
தொமித்திலாவின் இடுப்பைப் பார்த்துவிட்டாள்.
செதில் ஒட்டிய ஏப்ரன்,
அதன் வாரில் சொருகிய அதே பம்பு,
அதே சாம்பல் நிறம்.
"நல்லா வேலை செய்யுதா?"
"என் புருஷனைவிட" என்று சிரித்தாளாம்.
பின்னால் கடற்சிங்கங்கள்
குடலுக்கும் தலைக்கும் குரைத்துக்கொண்டிருந்தன.

சொன்னால் கழற்றி எறிவாள்,
பழையபடி ஊசி, பழையபடி மயக்கம்.
சொன்னால் அவள் நாலு பேருக்குச் சொல்வாள்,
நாலாவது ஆள் யாரென்று நமக்குத் தெரியாது.
சொல்லாவிட்டாலோ
தினமும் மீன் வாங்கவேண்டும்,
அவள் உயிரோடு இருக்கிறாளா என்று பார்க்க.
ஊமை கண்ட கனவு என்பார்களே,
அதைச் சுமந்து நடந்தாள் மில்லாராய்.
மையத்தின் குளிர்பெட்டி முழுக்க மெர்லூசா.

எண்பத்தெட்டாம் நாள் கம்பெனி கேட்டது:
இன்னும் முப்பது.
மில்லாராய் மேசையை அடித்தாள்.
"இப்பவே வெளியிடுவோம். வெட்கப்பட்டால்தான் வேகம் வரும்."
"மருந்து வருவதற்குள் நோயைப் பரப்பவா?"
ஃப்ரேசியாவின் குரல் உயரவே இல்லை.
இருவரும் என்னைப் பார்த்தார்கள்.
நான் ஜன்னலைப் பார்த்தேன்.
கடைசியில் இருபத்தொரு நாள் கொடுத்தோம்.
கொடுத்தோம் என்பதில் நானும் உண்டு.

அந்த இருபத்தொரு இரவுகளில்
எந்த ஆம்புலன்ஸ் கத்தினாலும்
அது சந்தைப் பக்கம் திரும்புகிறதா என்று
படுக்கையில் காது கொடுத்துக் கிடந்தேன்.
நான்கு நொடியில் திறந்தது அந்தப் பூட்டு.
எங்கள் வாயில் தொங்கியதற்கு
நூற்றுப்பதினோரு நாள்.

திருத்தம் ஒரு செவ்வாய் இரவு வந்தது.
புதன் காலை கட்டுரையை வெளியிட்டோம்,
நான்கு பெயர்களில் என் பெயர் மூன்றாவது.
நிருபர்கள் இருவர் போன் செய்தார்கள்,
ஒருவர் மையத்தின் பெயரைத் தப்பாக எழுதினார்.

மில்லாராய் சந்தைக்குப் போனாள், நானும் கூட.
இனி சொல்லலாம். யாரிடமும் சொல்லலாம்.

"நேத்து ராத்திரி இது கீ கீன்னு கத்திச்சு,
தூக்கமே போச்சு" என்றாள் தொமித்திலா,
தராசிலிருந்து கண் எடுக்காமல்.
"பேட்டரியா இருக்குமோ?"

மில்லாராய் வாய் திறந்தாள்.
மூடினாள்.
"இருக்கும்."

தொமித்திலா மீன்தலையை அறுத்து
பார்க்காமலே பின்னால் வீசினாள்.
ஏதோ ஒரு வாய் அதைப் பிடித்துக்கொண்டது.